சகாப்தம்: கணக்கில் பிறந்த சொல்

குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் பட்டக்காரர்களைப் பற்றி வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன், 2006-க்கு வந்ததும் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ‘ஜோ லூயிஸ் சகாப்தம்’ என்று எழுதியபோது கை தயங்கவில்லை. முகமது அலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘கிளிட்ச்கோ சகாப்தம்’ என்று எழுதியதும் எழுதிய எனக்கே அது ஒட்டவில்லை. விளாதிமிர் கிளிட்ச்கோ 2006 ஏப்ரல் 22 முதல் 2015 நவம்பர் 28 வரை, அதாவது ஒன்பது ஆண்டு ஏழு மாதம், பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர். அதற்குள் 18 முறை அதைக் காத்தவர். ஹெவிவெயிட்டில் ஒரே மூச்சில் அவரைவிட நீண்ட நாள் ஆண்டவர் ஜோ லூயிஸ் ஒருவர்தான். ஆனாலும் “கிளிட்ச்கோ காலம் போல வருமா” என்று பெருமூச்சு விடுகிற ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. பெருமூச்சு விட ஆளில்லாத காலத்தைச் சகாப்தம் என்று எழுதலாமா? அந்தச் சந்தேகத்தில்தான் சொல்லைப் பிரித்துப் பார்க்கப் போனேன்.

சகாப்தம் வடசொல். சக, அப்தம் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. அப்தம் என்றால் ஆண்டு. அறுபது நிறைந்தவருக்குச் செய்யும் சஷ்டியப்தபூர்த்தியில் இருப்பதும் இதே அப்தம்தான். அறுபது ஆண்டு நிறைவு என்பது அதன் பொருள். அப்தத்தை இன்னும் பிரித்தால் ‘நீரைத் தருவது’ என்று வரும், அதாவது மேகம். மழையைக் குறித்த வர்ஷம் வருஷமானது போல, மேகமும் ஆண்டாகியிருக்கிறது. மழைக்கு மழை நாளை எண்ணிய ஊர்க்காரர்களின் கணக்கு. சக என்பது வெளியிலிருந்து வந்து இங்கே ஆண்ட சகர் என்ற இனத்தாரைக் குறிக்கும். ஆகச் சகாப்தம் என்றால் ‘சகர் ஆண்டு’. கி.பி. 78-இல் தொடங்கி எண்ணுகிற ஒரு தொடர் எண், அவ்வளவுதான். அதில் புகழும் இல்லை, ஏக்கமும் இல்லை.

அந்த எண்ணிக்கையைத் தொடங்கிவைத்தது யார் என்று வரலாற்றாசிரியர்களுக்குள் நெடுநாளாக வழக்கு. கனிஷ்கர் என்றார்கள், சஷ்டனர் என்றார்கள். விடாமல் எண்ணிப் பழக்கியவர்கள் குஜராத்தையும் மாளவத்தையும் ஆண்ட சத்ரபர்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் நடு ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த சகர் வழியினர். வந்தேறிகளை யாருக்குப் பிடிக்கும்? ஸ்மிருதி எழுதியவர்கள் சகரை நெறி தவறித் தாழ்ந்தவர்களின் பட்டியலில் வைத்தார்கள். சகரை வென்ற பெருமையை விக்கிரமாதித்தன் பெயரில் கதையாகச் சொல்லி, அதற்கென்று விக்கிரம ஆண்டு என்று தனிக் கணக்கே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டாம் சந்திரகுப்தன் சத்ரபர் ஆட்சியை முடித்துவைத்தான். ஆட்சி போனது, கணக்கு போகவில்லை. பாதாமிக் குன்றில் சாளுக்கியர் சகம் 465 என்று வெட்டினார்கள், கி.பி. 543. ஐஹொளேயில் சகம் 556. பிற்காலத்தில் அதே கணக்கின் முன்னால் சாலிவாகனன் பெயரைச் சேர்த்து, நம்மவர் தொடங்கிய கணக்குப் போல ஆக்கிக்கொண்டார்கள். பஞ்சாங்கத்தில் இன்றும் சாலிவாகன சகாப்தம் இருக்கிறது. 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசின் தேசிய நாட்காட்டியும் சக ஆண்டில்தான் ஓடுகிறது. அன்றைய தேதி சைத்ரம் 1, 1879.

ஆண்டவர்களை யாரும் விரும்பவில்லை, அவர்கள் எண்ணிய ஆண்டை யாரும் விடவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த இடம்தான். இன்னொன்று தற்செயல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: விளாதிமிர் பிறந்தது கசக்ஸ்தானின் செமிபலாடின்ஸ்கில், அண்ணன் விட்டாலி பிறந்தது கிர்கிஸ்தானில். தந்தை சோவியத் விமானப்படை அதிகாரி, மாற்றலாகும் ஊரெல்லாம் குடும்பமும் போனது. சகர்கள் குதிரை ஓட்டித் திரிந்ததும் அதே புல்வெளியில்தான்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில், குறிப்பாக விசயநகர ஆட்சிக் காலத்தில், ‘சகாப்தம் இத்தனையின் மேல் செல்லாநின்ற’ என்று தொடங்கும் வாய்பாடு நிறைய உண்டு. செல்லாநின்ற என்பதைச் ‘செல்லாத’ என்று படித்துவிடக் கூடாது. ‘ஆநின்று’ பழைய நிகழ்கால இடைநிலை. இத்தனை ஆண்டு முடிந்து, அதன் மேல் இப்போது நடந்துகொண்டிருக்கிற ஆண்டு என்று பொருள். அதற்கு முன் சோழர் கல்வெட்டில் பெருவழக்கு வேறு: அரசன் பெயரைச் சொல்லி, அவனுக்கு யாண்டு இத்தனையாவது என்பார்கள். உத்திரமேரூரில் ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று பராந்தகனைச் சொல்லி, யாண்டு 12, யாண்டு 14 என்று இரண்டு சாசனம் இருக்கிறது. அரசன் போனால் அந்த எண்ணிக்கையும் போகும், அடுத்தவனுக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். குத்துச்சண்டைப் பட்டத்துக்கு இந்த முறைதான் பொருந்துகிறது.

கணக்குச் சொல் எப்படிப் புகழ்ச்சொல் ஆனது? ஆங்கிலத்து ‘எரா’வை மொழிபெயர்க்க வேண்டி வந்தபோது, பஞ்சாங்கத்தில் கிடந்த சகாப்தத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அந்த ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் கணக்குச் சொல்தான். செம்பு, வெண்கலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்து, எண்ணப் பயன்படும் வில்லைகளைக் குறித்து, அங்கிருந்து ஆண்டுக் கணக்குக்கு வந்தது. இரண்டு மொழியிலும் கணக்குப்பிள்ளையின் பெட்டிக்குள் இருந்த சொல் மேடையேறி மாலை போட்டுக்கொண்டது. தமிழில் அது இன்னும் ஒரு படி மேலே போய் இரங்கல் சொல்லாகவே ஆகிவிட்டது. யார் இறந்தாலும் சுவரொட்டியில் ‘ஒரு சகாப்தம் சாய்ந்தது’. ஆண்டு எப்படிச் சாயும் என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

கிளிட்ச்கோவின் மேல் உள்ள குற்றச்சாட்டு என்ன? ஆட்டம் அலுப்பு என்பதுதான். 2013 அக்டோபர் 5, மாஸ்கோவில் அலெக்சாண்டர் போவெட்கினுடன் மோதியதைப் பார்த்தால் குற்றம் சாட்டுகிறவர்களின் பக்கம் விளங்கும். விளாதிமிர் 198 சென்டிமீட்டர் உயரம், போவெட்கின் 188. கிளிட்ச்கோவின் இடது கை முன்னால் நீண்டே நிற்கிறது. அதைத் தட்டிவிட்டுத் தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைகிறார் போவெட்கின். நுழைந்த கணமே அந்த இடது கை அவர் பிடரியில் விழுந்து வளைக்கிறது, வலது கை தோளை இறுக்குகிறது, 110 கிலோ உடம்பு முதுகின் மேல் சாய்கிறது. நடுவர் வந்து பிரிக்கிறார். மூச்சு வாங்கியபடி போவெட்கின் நிமிர்ந்தால், எதிரில் மறுபடி அதே கை. இப்படியே பன்னிரண்டு சுற்று. இரண்டாம் சுற்றில் ஒரு முறையும் ஏழாம் சுற்றில் மூன்று முறையும் போவெட்கின் கீழே விழுந்தார்; தள்ளியதற்காகக் கிளிட்ச்கோவுக்கு ஒரு புள்ளி குறைந்தது. புள்ளி போடும் மூன்று நடுவர்களும் 119–104 என்று ஒரே எண்ணை எழுதினார்கள். புள்ளிப் பட்டியலைப் படித்தவருக்கு அது படுதோல்வி, பார்த்தவருக்கு அது மூன்று கால் மணி நேரக் கட்டிப்பிடி.

அமெரிக்காவில் இந்த அலுப்பு முன்பே தொடங்கிவிட்டது. 2008 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சுல்தான் இப்ராகிமோவுடன் வெவ்வேறு அமைப்புகள் தரும் பட்டங்களில் இரண்டை ஒன்றாக்கும் போட்டி. இடது கையை நீட்டி அவர் கையைத் தட்டுவதும் பின்வாங்குவதுமாகக் கிளிட்ச்கோ ஓட்ட, அரங்கம் கூச்சல் போட்டது. வென்றார். அதன் பிறகு ஏழு ஆண்டு அந்த நாட்டில் பட்டப்போட்டி ஆடவில்லை.

ஆனால் ‘யாருக்கும் பிடிக்காத காலம்’ என்று சொல்லும்போது, யாருக்கு என்று கேட்க வேண்டும். ஜெர்மனியில் கால்பந்து மைதானங்கள் நிரம்பின. 2009 ஜூனில் கெல்சன்கிர்ஷனில் ருஸ்லான் சகாயேவுடன் மோதியபோது அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அங்கே அவர் சனிக்கிழமை இரவின் குடும்ப நிகழ்ச்சி. ஹெவிவெயிட் பட்டம் என்றால் அமெரிக்கர் இடுப்பில் இருக்க வேண்டிய பொருள் என்று நூறு ஆண்டு பழகிய எழுத்தாளர்களுக்கு, டாக்டர் பட்டம் வாங்கிய இரண்டு உக்ரைன் அண்ணன் தம்பி அதை வீட்டில் வைத்துக்கொண்டது பிடிக்கவில்லை. பிடிக்காததில் பாதி அதுதான் என்பேன். மறுபாதி உண்மையிலேயே அந்தப் பிடரிப் பிடி.

எதிரிகள் மட்டமானவர்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். அந்தக் காலத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரோடும் மோதினார். ஒதுங்கிய ஒரே வலிமையான எதிரி அண்ணன் விட்டாலி. இருவரும் மோதுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் டபிள்யூபிசி என்ற அமைப்பு தரும் பட்டம் அண்ணனிடமும் மற்றவை தம்பியிடமும் இருந்தன. 2011 ஜூலையில் ஹாம்பர்க்கில் டேவிட் ஹேயைத் தோற்கடித்ததும் பெரிய பட்டங்கள் எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் வந்தன, ஆனால் ஒரே ஆளிடம் வரவில்லை. இந்த ஆட்சியில் உண்மையான ஓட்டை அதுதான். எதிரிகள் சுமாராகத் தெரிந்ததற்கு இன்னொரு காரணம், அந்த இடது கை எல்லோரையும் சுமாராக்கியது. 2014 நவம்பரில் தோல்வியே அறியாமல் வந்த குப்ரத் புலேவை ஐந்தாம் சுற்றில் ஒரே இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்தில், சாய்த்தபோது அலுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் அப்படி ஆடினார் என்பதற்கும் கதை உண்டு. 2003-இல் கோரி சாண்டர்ஸ் இரண்டாம் சுற்றில் சாய்த்தார், 2004-இல் லேமன் ப்ரூஸ்டர் ஐந்தாம் சுற்றில். தாடை தாங்காது, மூச்சு தாங்காது என்று எழுதி முடித்துவிட்டார்கள். பயிற்சியாளர் இம்மானுவேல் ஸ்டூவர்ட்தான் அவரை உடைத்து மறுபடி கட்டினார். நீளமான உடம்பு, நீளமான கை. எதிரியைக் கை நீளத்துக்கு வெளியே வை. தப்பி உள்ளே வந்தால் கட்டு. விழுந்து எழுந்தவன் தேடிக்கொண்ட பாதுகாப்பு அது. பார்க்க அழகில்லை, பத்து ஆண்டு வேலை செய்தது.

இதற்கு முன் லாரி ஹோம்ஸுக்கும் இதே கதி. 1978 முதல் 1985 வரை 20 முறை பட்டம் காத்தவர். அலிக்குப் பின் வந்தது முதல் குற்றம், 1980 அக்டோபரில் முதுமை தட்டிய அலியையே அடித்து உட்கார வைத்தது இரண்டாம் குற்றம். இன்று ஹோம்ஸின் ஜாபை, அதாவது நேராக நீட்டி விடும் இடது கைக் குத்தைப் பற்றி யார் பேசினாலும் குரலில் மரியாதை வருகிறது. சகாப்தம் என்ற சொல்லின் இன்றைய பொருள் ஆட்சி நடக்கும்போது கிடைப்பதில்லை, தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ஆண்டுக் கணக்கு என்ற மூலப்பொருளுக்கு ‘ஆண்டு’ போதும். திருவள்ளுவர் ஆண்டு, கொல்லம் ஆண்டு என்கிறோமே. பெரும் காலப்பகுதிக்கு ஊழி உண்டு, ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்ற குறளில் வருவது. ஆனால் ஊழிக்கூத்து, ஊழித்தீ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது உலகம் அழியும் நேரம். கிளிட்ச்கோ எத்தனை பேரை அலுக்க வைத்தாலும் உலகத்தை அழிக்கவில்லை. பொற்காலம் என்றால் பொய். ‘கொடி கட்டிப் பறந்த காலம்’ என்றால் அதிலும் ஒரு கொண்டாட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் தேர்வு, ‘கோலோச்சிய காலம்’. ஓச்சுதல் என்றால் உயர்த்துதல், வீசுதல். கோல் செங்கோலாகவும் இருக்கலாம், கொடுங்கோலாகவும் இருக்கலாம். ஆண்டான் என்பதை மட்டும் சொல்லி, குடிமக்களுக்குப் பிடித்ததா என்ற கேள்வியை விட்டுவிடுகிற சொல். அதோடு, முன்னால் நீண்டே நின்ற அந்த இடது கைக்குக் கோல் என்பதைவிட நல்ல பெயர் கிடைக்காது. வள்ளுவர் ஆட்சியைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்: ‘கடிதோச்சி மெல்ல எறிக நெடிதாக்கம் நீங்காமை வேண்டு பவர்’. கடுமையாக ஓங்கு, மெல்ல அடி, நெடுநாள் நிலைக்க வேண்டுமென்றால். வலது கையை ஓங்கிக்கொண்டே இருந்து இடது கையால் தட்டித் தட்டிப் பத்தாண்டு ஆண்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான குறிப்பை ஸ்டூவர்ட்டும் எழுதியிருக்க மாட்டார்.

2015 நவம்பர் 28 அன்று டூசல்டார்ஃபில், தன்னைவிட உயரமான டைசன் ஃபியூரியின் முன்னால் அந்தக் கோல் எட்டவில்லை. பன்னிரண்டு சுற்றும் ஓங்கிக்கொண்டே நின்றார், எறியவே இல்லை. 2017 ஏப்ரலில் வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னால் அந்தோணி ஜோஷுவாவிடம் விழுந்து, எழுந்து, அவரையும் ஆறாம் சுற்றில் வீழ்த்தி, பதினோராம் சுற்றில் தோற்றபோதுதான் கூட்டம் அவருக்காகக் கை தட்டியது. ‘சகாப்தம்’ என்று ஊரே எழுதியதும் அதன் பிறகுதான், கையில் ஒரு பட்டமும் இல்லாத 41 வயதுக்காரரைப் பற்றி.

என் வரிசையில் அந்தப் பகுதிக்கு நான் வைத்திருக்கும் தலைப்பு கல்வெட்டுக்காரர் பாணி: ‘கோலோச்சிய கிளிட்ச்கோவுக்கு யாண்டு பத்தாவது, செல்லாநின்ற’. அச்சுக்குப் போகும்போது யாராவது அதைச் ‘செல்லாத’ என்று திருத்திவிடாமல் இருக்க வேண்டும்.