சித்த சுவாதீனம் – சொல் விளக்கம்

'சொத்தைத் தங்கள் சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்' என்று பத்திரத்தில் எழுதினால், நிலம் வாங்கியவர் கைக்குப் போய்விட்டது என்று பொருள். பக்கவாதம் வந்தவரைப் பற்றி 'வலது கை சுவாதீனமில்லை' என்பார்கள். விருந்துக்கு வந்த பிள்ளை தானே அடுப்படிக்குப் போய் எடுத்துச் சாப்பிட்டால் 'சுவாதீனமாப் பழகுது' என்பார்கள். ஒன்று தன் வசத்தில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் அடிப்படைப் பொருள்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'ஸ்வ' என்றால் தன். 'அதீனம்' என்றால் வசப்பட்டது. 'சித்தம்' அறிதல், உணர்தல் என்ற வேரில் பிறந்தது. அறிவு தன் வசத்தில் இருக்கும் நிலையே சித்த சுவாதீனம். பேச்சில் 'புத்தி சுவாதீனம்' என்பதும் இதுவே. ஆங்கிலச் சட்டத்தின் 'சவுண்ட் மைண்ட்' என்ற தொடருக்கு ஈடாக இது பத்திரங்களிலும் வழக்குக் கட்டுகளிலும் நிலைத்துவிட்டது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் கேட்பது இந்தத் தகுதியைத்தான்.

நேர்த் தமிழ் வேண்டுமென்றால் 'தன்வயம்' இருக்கிறது. ஒன்பதாம் குறளின் உரையில் பரிமேலழகர் இறைவனின் எண்குணங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பது 'தன்வயத்தனாதல்'. பொருளில் அப்படியே ஒத்த சொல் என்றாலும் வழக்காடுபவர்க்குப் பழக்கமில்லாதது. பத்திரத்துக்குத் 'தெளிந்த மனநிலை' போதும். மருத்துவ அறிக்கைக்கு 'முடிவெடுக்கும் திறன்' என்பதே எங்கள் பரிந்துரை. 'மனநலம் குன்றியவர்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது நோயைச் சொல்கிறது. சட்டம் கேட்பது நோயை அல்ல.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3ஆம் பிரிவில் இதைத் தெளிவாக்குகிறது: ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானித்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவிக்க வேண்டும். ஆகவே 'சித்த சுவாதீனம் இல்லை' என்பது நீதிபதியின் முடிவு. அந்த முடிவுக்கு வேண்டிய மருத்துவ உண்மைகளைத் தருவதுதான் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரின் வேலை. மனச்சிதைவு நோயோடு பல ஆண்டுகள் வாழ்பவர் தன் வல்லத்தை (மீன்பிடிப் படகை) விற்கும் விலையைத் தெளிவாகப் பேசி முடிக்கலாம். எந்த மனநோயும் இல்லாத முதியவர், சிறுநீர்த் தொற்றால் வந்த குழப்பத்தில், கையெழுத்திட்ட அன்று எதுவும் புரியாமல் இருந்திருக்கலாம்.

அதனால் அறிக்கை எழுதும் முன் நீதிமன்றத்தின் கடிதத்தை நிதானமாகப் படித்து, கேள்வி எந்தச் செயலைப் பற்றியது, எந்தத் தேதியைப் பற்றியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கில் இரண்டு கேள்விகள் அடிக்கடி ஒன்றாகக் குழம்புகின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84) சம்பவ நேரத்தைப் பார்க்கிறது: செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 367ஆம் பிரிவு இன்றைய நிலையைப் பார்க்கிறது: தன் தரப்பை எடுத்துச்சொல்ல இப்போது முடியுமா? சிறையில் மருந்து சாப்பிட்டுத் தெளிந்திருப்பவரைப் பார்த்துவிட்டு 'நலமாக இருக்கிறார்' என்று எழுதினால் இரண்டாம் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். முதல் கேள்விக்கு முதல் தகவல் அறிக்கை, கைதானபோது பார்த்த மருத்துவரின் குறிப்பு, சம்பவத்துக்கு முந்தைய வாரங்களில் தூக்கமும் பேச்சும் எப்படி இருந்தன என்று வீட்டார் சொல்வது, எல்லாம் வேண்டும்.

சந்திப்பின் தொடக்கத்திலேயே, இது சிகிச்சைக்கான சந்திப்பு அல்ல, சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும் என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதையும் எழுத வேண்டும். ஏற்கெனவே சிகிச்சை தருபவரே மதிப்பீடும் செய்வதைக் கூடிய மட்டும் தவிர்ப்பது நல்லது. நோயாளியின் பக்கம் நிற்க வேண்டியவர் நடுநிலைச் சாட்சியாக நிற்பது கடினம்.

சோதனைகளில்தான் இந்த ராமநாதபுரம் கடற்கரையில் அதிகம் தவறு நடக்கிறது. நினைவு, கவனம் முதலியவற்றைப் பார்க்கும் முப்பது மதிப்பெண் சோதனையான எம்எம்எஸ்இ, வாக்கியம் எழுதச் சொல்லும், படம் வரையச் சொல்லும், ஆங்கிலத் தேதி கேட்கும். பள்ளிக்கூடம் போகாத தொண்டிப் பாட்டி அவற்றில் மதிப்பெண் இழந்தால் அது மறதி நோய்க்குச் சான்றாகாது. காலத்தை அறிகிறாரா என்று பார்க்க, இப்போது அடிப்பது வாடைக் காற்றா கச்சான் காற்றா, வளர்பிறையா தேய்பிறையா, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்துவிட்டதா என்று கேட்கலாம். கணக்குக்கு மீன் விலை போதும். கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அப்படியே பதிய வேண்டும். 'காதில் குரல் கேட்கும் அறிகுறி உண்டு' என்பதைவிட, 'கடலுக்குள்ள இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க' என்ற அவர் வாக்கு நீதிபதிக்கு அதிகம் சொல்லும்.

மனநோய் குணமாக வேண்டிப் பலரை அழைத்துவரும் இடம் ஏர்வாடி தர்கா. அங்கே தங்கியிருந்தார் என்பது பல வழக்குக் கட்டுகளில் வரும் வரி. அதைக் கொண்டு நோய் உண்டு என்றோ, இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது. எந்த மாதம் வந்தார், யார் கூட்டிவந்தார்கள், மருந்து சாப்பிட்டாரா, கட்டிப்போட்டிருந்தார்களா என்று கேட்டு எழுத வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே தனியார் காப்பகத் தீயில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் இறந்தார்கள். எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. இப்போதும் அப்படி ஒரு தழும்பு கண்ணில் பட்டால், அது எங்கே, எவ்வளவு நீளம் என்று அறிக்கையில் இடம்பெறத்தான் வேண்டும்.

ஒரு மாதிரி வழக்கு. தேவிபட்டினத்தில் 78 வயதுத் தாய் தென்னந்தோப்பை இளைய மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்கிறார். மூத்த மகன் வழக்குப் போடுகிறார். 'வயது முதிர்ச்சியால் சித்த சுவாதீனம் இல்லை' என்ற ஒற்றை வரி குறுக்கு விசாரணையில் நிற்காது. தோப்பு எவ்வளவு என்று தெரிந்திருந்ததா, பிள்ளைகள் யார் யார் என்று நினைவிருந்ததா, எழுதிக் கொடுத்தால் தோப்பு இனித் தன்னுடையதல்ல என்று புரிந்ததா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பத்திரம் பதிந்த தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள மருத்துவமனைச் சீட்டு, ரத்தத்தில் சோடியம் அளவு (அது குறைந்தாலும் குழப்பம் வரும்), உடனிருந்தவர் வாக்கு ஆகியவற்றை அந்த மூன்றோடும் பொருத்த வேண்டும். பிறகு இப்படி எழுதலாம்: 'பதிவுக்கு இரண்டு நாள் முன்பு மருத்துவமனையில் மகனை அடையாளம் தெரியாமல் பேசியதாகச் செவிலியர் குறிப்பு உள்ளது, பதிவு நாளுக்குக் குறிப்பு எதுவும் இல்லை, எனவே அன்று தோப்பின் அளவை அறிந்திருந்தாரா என்பதை உறுதியாகக் கூற இயலாது, குழப்பம் தொடர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.' எதைப் பார்த்தோம், எதைக் கேட்டறிந்தோம், எதை ஊகிக்கிறோம் என்பது படிப்பவருக்குத் தனித்தனியே தெரிய வேண்டும்.

சாட்சிக் கூண்டில் 'சித்த சுவாதீனம் உண்டா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்' என்று வக்கீல் கேட்பார். 'எந்தச் செயலுக்கு, எந்தத் தேதியில் என்று சொன்னால் பதில் சொல்கிறேன்' என்பதுதான் சரியான விடை. சந்திப்பின்போது கையால் எழுதிய மூலக் குறிப்புகளையும் அன்று கூடவே எடுத்துப்போக வேண்டும். எதிர்த்தரப்பு அவற்றைக் கேட்கலாம்.