பழைய கிட்டார் கேஸில் கற்பூர நெடி அடித்தால்

1950-களில் அமெரிக்காவின் கலாமசூவில் உருவான கிப்சனோ, புரூக்ளினில் உருவான கிரெட்சோ, அந்தக்கால ஹாலோபாடி (உள்ளே வெற்றிடம் உள்ள) எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலும் பூசியிருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான். அது வருடங்கள் ஓட ஓடப் பழுப்பேறும். மயிரிழை வெடிப்பும் விடும். குளிரில் கிடந்த கேஸை, அதாவது கிட்டார் பெட்டியை, வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்த கையோடு திறந்தால் இந்த வெடிப்பு ஒரே நாளில் பரவிவிடும். சில மணி நேரம் மூடியே வைத்துப் பிறகு திறக்க வேண்டும். உலோகப் பாகங்களின் நிக்கல் பூச்சு மங்குவதும் முதுமைதான். இவற்றுக்கு வைத்தியம் தேவையில்லை. பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குபவர்கள்தான் கிட்டாரின் மதிப்பைக் குறைக்கிறார்கள்.

மீட்டும்போது உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டின் கதை வேறு. பழைய பிக்கார்டுகள் பல செல்லுலாய்டு. அதாவது கற்பூரம் சேர்த்து இளக்கிய நைட்ரோசெல்லுலோஸ். கற்பூரம் மெல்லப் பறந்துபோகத் தகடு சுருங்கி நெளியும். பிறகு அதுவே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் சிதைவை இன்னும் விரட்டும். மூடிய கேஸ் அதற்குத் தோதான இடம்.

மூக்கு முதலில் சொல்லிவிடும்: கற்பூரத்தோடு கலந்த காரமான நெடி. அடுத்து, பிக்கார்டை ஒட்டிய கம்பிகள் மட்டும் துருப்பிடிக்கும், பக்கத்துப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) மூடியில் பச்சைக் களிம்பு பூக்கும், அருகிலுள்ள பைண்டிங் (உடலின் விளிம்பைச் சுற்றிய பட்டை) பொடிப்பொடியாக உதிரும். கிட்டாரின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்க ஒரு பக்கம் மட்டும் அரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே பிக்கார்டைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் கழுத்துப் பக்கம் ஒரு திருகு, ஓரத்தில் ஒரு தாங்கி, அவ்வளவுதான். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாமல், காகித உறையில் வைத்துக் காற்றோட்டமான இடத்தில் தனியே வையுங்கள். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும். சால்டரிங் அயர்ன், ஹீட் கன் எதுவும் அருகே வரக்கூடாது. கேஸின் உள்துணியிலும் நெடி ஏறியிருக்கும், நிழலில் பல நாள் திறந்து போடுங்கள். உதிரும் பைண்டிங்கைப் பசை காப்பாற்றாது. கெட்ட பகுதியை முழுதாக எடுத்துவிட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுவதே வழி.

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெரும்பாலும் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆகவே கம்பிகளை ஒன்றொன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜின் இடத்தைக் குறிக்க டேப் ஒட்டினால், உரிக்கும்போது வயதான லாக்கரும் கூடவே வந்துவிடும்.

வால்யூம் பாட் (ஒலியளவுக் குமிழின் அடியிலுள்ள மின்பாகம்) கரகரத்தால் முதலில் காண்டாக்ட் கிளீனர் போதும். வெளியே எடுத்தே ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு தண்டிலும் நூல் கட்டிவிட்டு கிட்டாரின் மேற்பலகையிலுள்ள எஃப் வடிவத் துளை வழியாக இழுங்கள். திரும்ப உட்கார வைக்க அந்த நூல்தான் கைகொடுக்கும். கழற்றிய பழைய வால்யூம் பாட் எதையும் குப்பையில் போடாதீர்கள். 1345912 என்று முத்திரை இருந்தால் 134 என்பது பாட்டைத் தயாரித்த சென்ட்ராலாப் நிறுவனம், 59 என்பது 1959-ஆம் வருடம், 12 என்பது அவ்வருடத்தின் வாரம். கிட்டார் அதற்கு முன்பு செய்யப்பட்டதல்ல என்பதற்கு அதுவே சாட்சி. பாட் ஒரிஜினலாக இருக்கும்பட்சத்தில்.