பத்துக்கு எத்தனை?

கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டிய சரக்கு ஆட்டோ ஓட்டுநர். எட்டு மாதமாக வண்டியைத் தொடவில்லை. கூட வந்திருந்த அம்மா, "மூன்று இடத்தில் மந்திரித்தாகிவிட்டது, தாயத்தும் கட்டியாகிவிட்டது. கடைசியாகத்தான் இங்கே வருகிறோம்" என்றார். மனநல சிகிச்சை தரும் எங்கள் தொழிலில் இந்தக் 'கடைசியாக' பழகிப்போன சொல்.

என்ன நடந்தது என்று கேட்டேன். "நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறேன் மேடம். முன்னால் லாரி பிரேக் போடுகிறது. புஸ்ஸென்று சத்தம். கண்ணாடி உடைகிறது. பக்கத்தில் பையன் கத்துகிறான்."

எட்டு மாதத்துக்கு முந்தைய விபத்து. பக்கத்தில் இருந்த பையன் தோள் எலும்பு முறிந்து, சேர்ந்து, பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கிறான். ஆனால் இவருடைய வினைச்சொல் ஒன்றுகூட இறந்தகாலத்துக்குப் போகவில்லை. அவற்றை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதை எழுத அவர் அனுமதித்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊரில் இதைப் 'பயந்த கோளாறு' என்பார்கள். மருத்துவத்தில் இதற்குப் பெயர் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் கோளாறு. நடந்து முடிந்த ஒன்று இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் சத்தத்தையும் மனம் தவிர்க்கும். தூக்கம் கெடும், சின்ன ஓசைக்கும் உடல் தூக்கிப்போடும். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின, நாட்டிலேயே அதிகம். அதில் சிக்கியவர்களுக்கெல்லாம் இந்தக் கோளாறு வந்துவிடுவதில்லை. பெரும்பாலானோர் சில வாரங்களில் தாமாகவே தெளிந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு மாதம் கடக்கும் முன் நாங்கள் இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை.

இவருக்கு நான் தேர்ந்தெடுத்தது கண் அசைவு சிகிச்சை, சுருக்கமாக ஈ.எம்.டி.ஆர். 1987இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ பூங்கா ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது, மனத்தை உறுத்திய எண்ணங்கள் தம் கண்கள் இங்குமங்கும் வேகமாக அசைந்த வேளையில் மங்குவதைக் கவனித்தார். 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். பூங்காவில் பிறந்த சிகிச்சையா என்று துறையில் பலர் சிரித்தார்கள். நானும் மாணவியாக இருந்தபோது சிரித்தவள்தான். 2013இல் உலக சுகாதார நிறுவனம், பி.டி.எஸ்.டி.க்கான சிகிச்சைகளில் ஒன்றாக இதைப் பரிந்துரைத்தது.

விரலை ஆட்டுவதுதான் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் இரண்டில் விரலுக்கு வேலையே இல்லை: வாழ்க்கை வரலாற்றைக் கேட்பது, மனம் கலங்கினால் மீண்டுவரும் வழிகளைப் பழக்குவது. இவருக்கு அதற்கே மூன்று அமர்வுகள் பிடித்தன.

மூன்றாவது கட்டத்தில் அந்த நினைவின் மிக மோசமான ஒரு காட்சியைப் பிடிக்க வேண்டும். அந்தக் காட்சி உங்களைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்கிறது என்று கேட்போம். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பது அரிது. "நேரம் சரியில்லை", "தலையெழுத்து" என்பார்கள். அதெல்லாம் விதியைப் பற்றிய பேச்சு. தன்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டும். நான்காவது முறை கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னை நம்பி யாரும் வண்டியில் ஏறக்கூடாது."

அடுத்து, உடம்பில் எங்கே தெரிகிறது என்ற கேள்வி. வேற்றுமொழிப் பாடநூல்களில் இதற்குப் பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். தமிழ் பேசுபவர்களுக்கு அது தேவையே இல்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, அடிவயிறு கலங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது என்று பயத்துக்கு உடம்பில் முகவரி வைத்திருக்கும் மொழி இது.

கடைசியாக அளவு. சற்றும் தொந்தரவு இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. பத்துக்கு எத்தனை? ஒரு பாட்டி என்னிடம் "பதின்மூன்று" என்றிருக்கிறார். இவர் ஒன்பது என்றார்.

அதன்பிறகே விரல். எதிரெதிராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், தாண்டிப்போகும் இரண்டு படகுகளைப்போல உட்கார்வோம். காட்சியையும், அந்த வாசகத்தையும், உடம்பில் தெரிவதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கண்களால் மட்டும் என் விரல்களைத் தொடரச் சொல்வேன். இருபது, முப்பது நொடிக்கு ஒரு சுற்று. நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, "இப்போது என்ன வருகிறது?" என்று கேட்பேன். எதைச் சொன்னாலும் அறிவுரை கூறாமல் "அதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த சுற்றுக்குப் போய்விடுவேன். அறிவுரை சொல்லியே பழகிய எனக்கு இதைக் கற்கத்தான் நாளானது.

இரண்டாம் சுற்றில் அவர் லேசாகச் சிரித்தார். "தர்காவில் மயிலிறகால் மந்திரிப்பார்களே, அதைப்போலவே இருக்கிறது." பார்ப்பதற்கு ஒற்றுமை உண்டுதான். ஆனால் மந்திரிக்கும்போது பயந்ததை மறக்கச் சொல்வார்கள். இங்கே அதை நேருக்கு நேர் எடுத்துவைக்கச் சொல்கிறோம். ஐந்தாம் சுற்றில் அவருக்கு வியர்த்தது. ஏழாவதில் அழுதார். பத்தாவதோ பதினொன்றாவதோ, "லாரிக்காரர் இறங்கி ஓடி வந்தார். பையனை அவர்தான் தூக்கினார். இதை நான் மறந்தே போயிருந்தேன்" என்றார்.

வந்தார், தூக்கினார். என் குறிப்பேட்டில் முதல் இறந்தகால வினைகள்.

கண்ணை அசைத்தால் இது எப்படி நடக்கிறது? அதிகம் சோதிக்கப்பட்ட விளக்கம் இது: ஒரு நேரத்தில் மனம் கையில் ஏந்தக்கூடியது கொஞ்சம்தான். சில்லறை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தப்புவதில்லையா? அப்படித்தான் கொடிய காட்சியை ஏந்தியிருக்கும்போதே விரலையும் பின்தொடர வேண்டியிருந்தால், காட்சியின் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய நிலையிலேயே அது மறுபடி சேமிக்கப்படுகிறது என்கிறார்கள். எண்களைத் தலைகீழாக எண்ணுவது போன்ற வேலைகளும் ஆய்வுக்கூடத்தில் இதே விளைவைத் தந்திருக்கின்றன. ஆகவே கண்ணில் ஏதோ மாய விசை இருக்கிறது என்று நம்ப வேண்டியதில்லை. உறக்கத்தில் கனவு காணும்போது கண் அசைவதோடு தொடர்புபடுத்தும் கருதுகோளும் உண்டு.

சர்ச்சை இல்லாமல் இல்லை. 2001இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), சிகிச்சை பலன் தருகிறது, ஆனால் கண் அசைவை எடுத்துவிட்டாலும் அதே பலன்தான் என்றது. 2013இல் வந்த இன்னொன்று, கண் அசைவால் கூடுதல் பலன் இருக்கிறது என்றது. என் கணிப்பில், விரலுக்கு ஒரு பங்கு உண்டு. அது விளம்பரங்கள் காட்டும் அளவுக்குப் பெரியதல்ல. பதற்றத்தைத் தாங்கும் பயிற்சியும், பக்கத்தில் ஒருவர் நிதானமாக உட்கார்ந்திருப்பதும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

"எனக்குப் பதற்றம் அதிகம், இந்தச் சிகிச்சை கொடுங்கள்" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இதற்கான வலுவான சான்று பி.டி.எஸ்.டி.யில்தான் இருக்கிறது. பதற்றத்துக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட சம்பவம் இருந்தால், உதாரணமாக நாய் கடித்ததையோ, வகுப்பு முன்னால் அவமானப்பட்டதையோ எடுத்து வேலை செய்யலாம். எதைப் பார்த்தாலும் கவலை, காரணமே இல்லாமல் திடீர்ப் படபடப்பு என்றால் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும்தான் முதலில். தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு வாருங்கள் என்பேன். படபடப்பில் வந்த சிலருக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தார். கணவர் வரும் வண்டிச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறதாம். எப்போது கடைசியாக அடித்தார் என்று கேட்டேன். "முந்தாநாள்" என்றார். அந்த நடுக்கத்தைக் குறைப்பது சிகிச்சையாகாது. காவலுக்கு நிற்கும் நாயைக் கட்டிப்போடுவதாகும். அன்று நாங்கள் பேசியதெல்லாம் 181 மகளிர் உதவி எண்ணைப் பற்றியும், அம்மா வீட்டுக்குப் போக முடியுமா என்பதைப் பற்றியும்தான்.

வலிப்பு நோயோ கண் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணுக்குப் பதில் கைகளை மாறி மாறித் தட்டியும் செய்யலாம். அடிக்கடி தன்னை மறந்துபோகிறவர்கள், நடுவில் சில மணி நேரம் என்ன செய்தோம் என்றே தெரியாதவர்கள் ஆகியோருக்கு அவசரப்பட்டுத் தொடங்கவே கூடாது. திறந்த நினைவு மூடாமல் போனால் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தனியாகத் தவிப்பார்கள். இணையத்தில் பந்து இங்குமங்கும் ஓடும் காணொளிகளைப் பார்த்து நீங்களே செய்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகவே. வீட்டில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. 1997இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு, அங்கே பிழைத்தவர்களோடு பணியாற்றிய லூசினா ஆர்டிகாஸ் உருவாக்கிய 'பட்டாம்பூச்சி அணைப்பு'. இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, இடம் வலமாக மெல்லத் தட்டிக்கொண்டே மூச்சு விடுவது. மனத்தை அமைதிப்படுத்த மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பழைய காயத்தைக் கிளற வேண்டாம்.

சிகிச்சையாளரைத் தேடும்போது, அவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். இந்தச் சிகிச்சைக்கென்று தனியாகப் பயிற்சி பெற்றாரா என்றும் கேளுங்கள். ஒரே அமர்வில் குணம் என்று உறுதி கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். யாரிடம் போவதென்றே தெரியாவிட்டால் 14416க்கு அழைக்கலாம். 2022 முதல் இயங்கும் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

ஓட்டுநருக்கு மொத்தம் ஒன்பது அமர்வுகள். நடுவில் ஒரு வாரம் கெட்ட கனவுகள் கூடி, விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்படி வரும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் திரும்பி வந்தார். பிறகு வாசலில் நிற்கும் வண்டியில் வெறுமனே உட்கார்ந்தார், தெருமுனை வரை ஓட்டினார், கடைசியில் அதே நான்குவழிச் சாலைக்கும் போய்வந்தார்.

ஒன்பதாவது முறை வந்தபோது கதவருகே உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனார். அந்தக் காட்சியை எடுக்கச் சொல்லி, பத்துக்கு எத்தனை என்றேன்.

"ஒன்று."

பூஜ்யம் வரும்வரை தொடர்வதுதான் வழக்கம். அந்த ஒன்று என்னவென்று கேட்டேன்.

"முன்னால் லாரி போனால் கொஞ்சம் தள்ளியே போகிறேன் மேடம். அது இருக்கட்டும்."

விரலை மடக்கிக்கொண்டேன்.