டிபிரிஸ்கிரைபிங்: தமிழில் என்ன சொல்வது?

டாக்டர் மருந்து ‘எழுதிக் கொடுத்தார்’ என்கிறோம். ‘பிரிஸ்கிரைப்’ என்பதும் ஏறக்குறைய அதுதான். லத்தீனில் ‘பிரே’ என்றால் முன், ‘ஸ்கிரிபெரே’ என்றால் எழுதுதல். அதன் தலையில் ‘டி’ சேர்ந்தால், எழுதியதைத் திரும்ப எடுப்பது; அதாவது, தேவையில்லாமல் போன மருந்தை டாக்டரே குறைப்பது அல்லது நிறுத்துவது. 2003இல் ஆஸ்திரேலிய முதியோர் மருத்துவர் மைக்கேல் உட்வர்ட் ஒரு கட்டுரைத் தலைப்பில் இந்தச் சொல்லை வைத்தார், அப்புறம் பரவியது.

பிரஷர் மாத்திரையில் இதன் பொருள் நன்றாகப் புரியும். அறுபது வயதில் தொடங்கிய மாத்திரை எண்பத்திரண்டிலும் அதே அளவில் போகிறது. உடம்பு மெலிந்துவிட்டது, சாப்பாடு பாதியாகிவிட்டது. விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் பிரஷர் சரியாகத்தான் இருக்கும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்கு அது காரணமாக இருக்கலாம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் கால் வீங்க, வீக்கத்துக்கென்று நீர் மாத்திரை சேர, தலைசுற்றல் இன்னும் கூடுவதும் உண்டு.

இங்கிலாந்தில் 80 வயதைக் கடந்த 569 பேரிடம் நடந்த ‘ஆப்டிமைஸ்’ ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஒரு பிரஷர் மருந்தைக் குறைத்தார்கள். 12 வாரம் கழித்து மேல் அளவு 150க்குக் கீழே இருந்தவர்கள் அவர்களில் 86.4 சதவீதம், பழையபடி தொடர்ந்தவர்களில் 87.7. பக்கவாத ஆபத்தைக் கணிக்க 12 வாரம் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாமே நிறுத்திக்கொள்வது டிபிரிஸ்கிரைபிங் ஆகாது. அட்டெனலால், குளோனிடின் போன்ற பிரஷர் மருந்துகளைச் சட்டென்று விட்டால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். டாக்டர் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு மருந்தாக, படிப்படியாகக் குறைத்து, பிரஷரை அளந்துகொண்டே போவதுதான் முறை.

சரி, தமிழில்? ‘மருந்து நிறுத்தம்’ பயமுறுத்துகிறது. ‘மருந்துக் குறைப்பு’ என்றால் விலைக் குறைப்பு போல ஒலிக்கிறது. எழுத்துக்கு ‘மருந்துக் களைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது: களை எடுப்பவர் பயிரை விட்டுவைப்பார். ஆனால் நோயாளியிடம் போய்க் களைவு என்றால் களைப்பு என்றுதான் காதில் விழும். அங்கே டாக்டர்கள் சொல்வது, “ஒரு மாத்திரையைக் குறைச்சுப் பார்ப்போம்.” அந்தப் ‘பார்ப்போம்’ லத்தீன் சொல்லில் இல்லை. சரிப்படாவிட்டால் பழைய மாத்திரைக்கே திரும்பலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.