கபச்சுரப்பி பழுதானால் வருவது ‘ஆண்மைக்குறைவு’ அல்ல

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் கபச்சுரப்பி சரியாக வேலை செய்யாமல் இலிங்க ஓமோன் (ஆண், பெண் தன்மைகளைத் தரும் பாலியல் ஓமோன்) குறைந்தால், அதை ‘இரண்டாம்நிலை ஆண்மைக்குறைவு’ என்று எழுதுவது தமிழ்ச் சுகாதாரக் கட்டுரைகளில் வழக்கமாகி வருகிறது. இந்தத் தொடரில் ‘குறைவு’ ஒன்றுதான் சரி.

மூலச் சொல்லான ஹைப்போகொனாடிசம் கிரேக்க வேர்களில் கட்டியது. ‘ஹைப்போ’ என்றால் கீழ், குறை. ‘கொனோஸ்’ என்றால் விதை, பிறப்பு. ஆணின் விதையையும் பெண்ணின் சூலகத்தையும் சேர்த்து நமது பாடநூல்கள் ‘சனனி’ என்கின்றன. அதுவும் பிறப்பைக் குறிக்கும் சனனத்திலிருந்து வந்ததுதான். கபச்சுரப்பியின் ஆங்கிலப் பெயரான பிட்யூட்டரிக்கு அடி, சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல். மூளைச் சளி அந்த வழியே மூக்குக்கு இறங்குகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். ‘கபச்சுரப்பி’ அந்தப் பிழையையும் சுமந்தே தமிழுக்கு வந்தது. ஆனாலும் விஞ்ஞானப் பாடம் படித்த பிள்ளைக்குத் தெரிந்த சொல் அது. அதை மாற்ற வேண்டியதில்லை.

‘ஆண்மை’யைத்தான் முதலில் எடுத்தெறிய வேண்டும். பிள்ளைப்பேற்றில் அளவுக்கு மீறி இரத்தம் போன தாய்க்கு, கர்ப்பகாலத்தில் பருத்திருந்த கபச்சுரப்பி இரத்தம் கிடைக்காமல் பட்டுப்போகலாம். பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, உடம்பு சோரும். 1937இல் இதை விவரித்த மருத்துவர் ஷீஹனின் பெயரிலேயே இந்த நோய் வழங்குகிறது. மட்டக்களப்பின் படுவான்கரை வயலில் கண்ணாடி விரியன் கடித்து உயிர் தப்பியவருக்கும், அந்த நஞ்சால் இதே சுரப்பி கெட்டு, குறை பல மாதம் கழித்துத் தெரியவரலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றும் பிள்ளைக்குச் சுரப்பியில் இரும்பு படிந்து பூப்படைவது தள்ளிப்போகும். அந்தத் தாயிடமும் அந்தப் பிள்ளையிடமும் ‘உங்களுக்கு ஆண்மைக்குறைவு’ என்று எந்த வாயால் சொல்வது? ஆணுக்கும் இந்தச் சொல் உதவாது. விளம்பரங்கள் பழக்கிவிட்டதால் அதைக் கேட்டவர் விறைப்பின்மை என்றே விளங்கிக்கொண்டு லேகியம் தேடிப் போவார். அதற்குள் கபச்சுரப்பியில் வளரும் கட்டி பார்வை நரம்பை அழுத்தத் தொடங்கும். நேரே பார்ப்பதெல்லாம் தெளிவாக இருக்கும். வீதியில் பக்கத்தால் வரும் மோட்டார் சைக்கிள் மட்டும் கண்ணில் படாது.

தூய தமிழ் வேண்டுவோர் முன்வைக்கும் ‘பாலோமோன் குறைவு’ இதைவிட ஆபத்தானது. ஆண்பால், பெண்பாலில் உள்ள ‘பால்’தான் அது என்பார்கள். ஆனால் ஓமோனுக்கு முன்னே ‘பால்’ வந்தால் குடிக்கும் பாலே நினைவுக்கு வரும். அப்படி ஒரு ஓமோன் உண்மையிலேயே உண்டு: பால் சுரக்க வைக்கும் புரோலக்டின். கபச்சுரப்பிக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது அதைச் சுரக்கும் கட்டிதான். அங்கே புரோலக்டின் கூடுவதால்தான் இலிங்க ஓமோன் குறைகிறது. எது கூடியது, எது குறைந்தது என்பதை அப்படியே தலைகீழாக்கிக் காட்டும் சொல்லை எப்படி ஏற்பது? ‘பாற்சுரப்பி’ என்று சனனிக்குப் பெயரிட்டால் மார்பகத்தோடு மோதும். ‘இலிங்கம்’ வடசொல் என்பதும் சபையில் சொல்லக் கூசுகிறது என்பதும் உண்மையான குறைகளே. ஆனால் இலிங்கமுறை இனப்பெருக்கம் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு அது குழப்பாது. நோயின் பெயரில் தூய்மையை விடத் தெளிவே முக்கியம்.

‘இரண்டாம்நிலை’யும் கூடாது. புற்றுநோய்க்கு நிலை சொல்லிக் கேட்ட காதுக்கு, அது நோய் முற்றி இரண்டாம் கட்டத்துக்கு வந்ததாகவே விழும். சொல்ல வந்ததோ, பழுது சனனியில் இல்லை, அதை ஏவும் இடத்தில் இருக்கிறது என்பது. அந்த இடத்தையே பெயரில் வைத்துவிடலாம். நூலுக்கு ‘கபச்சுரப்பிவழிச் சனனிக் குறைதொழிற்பாடு’. கிளினிக்கில் பேச ‘கபச்சுரப்பிப் பழுதால் இலிங்க ஓமோன் குறைவு’.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் நோய் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்களுக்கு, அவர்களின் இலிங்க ஓமோனான தெஸ்தோஸ்தரோனைக் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் பார்ப்பார்கள். பின்னேரத்தில் அது இயல்பாகவே இறங்கும். அது குறைந்திருக்க, சனனியை ஏவும் கபச்சுரப்பி ஓமோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். உயர்ந்திருந்தால் பழுது விதையில். அவை குறைந்திருந்தாலோ, உயராமல் ‘சாதாரண’ அளவிலேயே நின்றாலோ பழுது மேலே. ஆகவே அறிக்கையின் அந்த ‘சாதாரணம்’ என்ற சொல்லை ‘பிழையில்லை’ என்று பெயர்ப்பது நோயையே மறைத்துவிடும். கபச்சுரப்பியின் வேறு ஓமோன்களும் குறைந்திருக்கலாம் என்பதால், அவற்றின் ஏவலில் அதிரீனற் சுரப்பியில் சுரக்கும் கோர்ட்டிசோலும் தைரொயிட் சுரப்பியில் சுரக்கும் தைரொக்சினும் பார்ப்பார்கள். இரண்டும் குறைவென்றால் கோர்ட்டிசோல் குறையை முதலில் ஈடுசெய்த பிறகே தைரொக்சின் கொடுக்க வேண்டும்; மாறினால் உயிருக்கு ஆபத்து. துண்டுப்பிரசுரத்தில் இந்த ஒழுங்கு பிசகக் கூடாது.

மருந்தின் பெயரிலும் இதே கவனக்குறைவு நடக்கிறது. தெஸ்தோஸ்தரோன் ஊசி உடம்பைத் தேற்றும், ஆனால் விந்தணு உற்பத்தியை அடக்கும். பிள்ளை வேண்டுவோருக்கு, எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியும், தேவையானால் எஃப்.எஸ்.எச். ஊசியும் மாதக்கணக்கில் போடுவார்கள். இரண்டு சிகிச்சையையும் ‘ஓமோன் ஊசி’ என்று ஒரே பெயரில் எழுதினால், பிள்ளைக்காக வந்தவர் விந்தணுவை அடக்கும் ஊசியையே கேட்டு நிற்பார்.