ஐஸ் தண்ணீரில் ஈஸ்டைக் கொட்டாதீர்கள்

கோடை வந்தால் பேக்கரிகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே புகார்தான்: "சார், மாவு எழும்பவே இல்ல, கையில வேற ஒட்டுது. ஈஸ்ட் போலி போல." சமீபத்தில் ஒரு கடைக்கு நேரில் போனேன். பாக்கெட்டில் தேதி சரியாகவே இருந்தது. மாவு சூடாகாமல் இருக்க ஐஸ் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் உலர் ஈஸ்டையும் அதே தண்ணீரில் கொட்டிக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் துகள்களில் இருப்பவை உயிருள்ள செல்கள். வெளியே சத்து குறையத் தொடங்கும்போதே ஈஸ்ட் குளுக்கோஸை இரண்டு வடிவங்களில் சேர்த்து வைக்கிறது. ஒன்று, நம் கல்லீரலிலும் இருக்கும் கிளைக்கோஜன். பட்டினி கிடக்கும்போது செல் அதை எடுத்துச் செலவழிக்கும். இன்னொன்று டிரெஹலோஸ், இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை. இதுவும் உணவாகும் என்றாலும், இதன் பெரிய வேலை காவல். செல் காயும்போது, அதன் சவ்வில் நீர் விட்டுப்போன இடத்தில் டிரெஹலோஸ் நின்று சவ்வு சிதையாமல் தாங்குகிறது. அதனால்தான் உலர் ஈஸ்ட் தயாரிப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் நைட்ரஜன் சத்தைக் குறைத்து, டிரெஹலோஸ் நன்றாகச் சேர்ந்த பிறகே உலர்த்துகிறார்கள். செல்லின் உலர் எடையில் அது 10 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

இத்தனை பாதுகாப்போடு வரும் செல்லும் மறுபடி நனைகிற அந்த முதல் சில நிமிடங்களில் பலவீனமாகத்தான் இருக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் சவ்வு சரியாகக் கூடிவருவதற்குள் உள்ளே இருப்பது வெளியே கசிந்துவிடும். கசிவதில் குளுட்டதையோன் என்ற சிறு சேர்மம் முக்கியமானது. அது மாவை இழுத்துப் பிடிக்கும் புரதமான குளூட்டனைத் தளர்த்துகிறது. கையில் ஒட்டுவது அதனால்தான்.

சாதாரண உலர் ஈஸ்ட் என்றால் 35 முதல் 40 டிகிரி வரை வெதுவெதுப்பான, கொஞ்சம் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். இன்ஸ்டன்ட் என்றால் முதலில் மைதாவில் கலந்துவிட்டு, அப்புறம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள்.

அதே கடையில் ஈரமான கட்டி ஈஸ்டை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் செல்கள் சும்மா இருக்காது. சேமித்த கிளைக்கோஜனைத் தின்று தீர்த்துவிட்டு, கட்டி குழைந்து நாறத் தொடங்கும். அதன் இடம் 4 டிகிரி ஃபிரிட்ஜ்.

மாவை ஃப்ரீசரில் வைத்து விற்பவர்களுக்கும் ஒன்று: பிசைந்தவுடன் உறையவிடுங்கள். மாவு புளிக்க ஆரம்பித்தால் ஈஸ்ட் தன் டிரெஹலோஸை மளமளவென்று உடைத்துவிடும். அதற்குப் பிறகு பனியைத் தாங்க அதனிடம் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது.