வயிற்றுப்போக்குக்கு 14 நாள் துத்தநாக மாத்திரை: யாருக்கு, எவ்வளவு, எதுவரை

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு ஜிங்க் எனப்படும் துத்தநாக மாத்திரைகளையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் கூட்டாகப் பரிந்துரைத்த இச்சிகிச்சையைப் பரவலாக்க, 2014 முதல் மத்திய அரசு ஆண்டுதோறும் வயிற்றுப்போக்குத் தீவிரக் கட்டுப்பாட்டு இருவார முகாமை நடத்தியது. 2024-ல் அது ஜூலை, ஆகஸ்ட் என இரண்டு மாத இயக்கமாக விரிவடைந்தது. முகாம் நாள்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இவற்றை வழங்குவர். முகாம் இல்லாத நாள்களிலும் கேட்டுப் பெறலாம்.

இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை முழு மாத்திரை. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு வீட்டில் மாத்திரை எதையும் கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மாத்திரையைச் சுத்தமான கரண்டியில் வைத்துச் சிறிது குடிநீரோ, கைக்குழந்தையானால் பீய்ச்சிய தாய்ப்பாலோ ஊற்றினால் சற்று நேரத்தில் தானே கரைந்துவிடும், நசுக்கத் தேவையில்லை. உலோகச் சுவை காரணமாகச் சில குழந்தைகள் துப்பிவிடும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் தவறுவது ஒன்றே: இரண்டு மூன்று நாளில் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கின்போது உடலிலிருந்து வெளியேறிய துத்தநாகத்தை ஈடுகட்டவும், குடலின் உட்சுவர் தேறவும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் நோய் திரும்புவதைக் குறைக்கவும்தான் 14 நாள் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே மலம் சீரான பிறகும் மீதி நாள்களுக்குக் கொடுத்து முடிக்க வேண்டும். நோய் நீடிக்கும் காலத்தை இது ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது. அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய 61 விழுக்காட்டினர் ஓ.ஆர்.எஸ். பெற்றிருக்க, துத்தநாகம் பெற்றோர் 31 விழுக்காட்டினரே. பேதி என்று சொல்லி ஓ.ஆர்.எஸ். வாங்கும்போதே ஜிங்க் மாத்திரையையும் கேட்டு வாங்குவது நல்லது.

நீரிழப்பை ஈடுசெய்வது ஓ.ஆர்.எஸ்.தான், மாத்திரை அதற்கு மாற்றாகாது. ஒரு லிட்டர் கரைசலுக்கான பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது.

இந்த மாத்திரையைச் சத்து மாத்திரையாகக் கருதி, ஆரோக்கியமான குழந்தைக்கு அன்றாடம் கொடுத்து வருவது சரியல்ல. அதிக அளவில் நெடுநாள் சேரும் துத்தநாகம், உடல் தாமிரத்தை ஏற்பதைத் தடுக்கும். அன்றாடத் தேவைக்கு முட்டை, மீன், இறைச்சி, பயறு, கடலை போன்றவை போதும்.

மலத்தில் இரத்தம், உள்வாங்கிய கண்கள், குடிக்க இயலாமை, அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி வசதி இல்லையெனில் 108-ஐ அழைக்கலாம்.